நிலப்பத்திரமும் உயிலும் சொல்லும் குடும்ப வரலாறு: விர்ஜீனியாவின் ஜான்சன் குடும்பம்

முன்னுரை

வரலாறு என்றவுடன் முடிமன்னர்தம் போர்களும் வெற்றிகளும் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும், நிலத்தை உழுது, கால்நடை பேணி, மக்களை வளர்த்து மறைந்த எளிய குடும்பத்திற்கும் வரலாறு உண்டு. அக்குடும்பத்திற்குக் கல்வெட்டு இல்லை. அதைப் பாடிய புலவர் இல்லை. அவர்கள் தம் கைப்பட எழுதி வைத்த நாட்குறிப்பும் இல்லை. அத்தகையோரின் வாழ்வை எதைக்கொண்டு மீட்பது? இவ்வினாவிற்கு அமெரிக்கக் குடியேற்றக் காலத்து நில ஆவணங்களும், இறந்தோர் சொத்துப் பற்றிய நீதிமன்ற ஆவணங்களும் சீரிய விடை தருகின்றன.

ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது, 17ஆம் நூற்றாண்டில் விர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் வாழ்ந்த ஆன்டனி ஜான்சன், மேரி என்னும் இணையரின் குடும்பம். ஆப்பிரிக்கராகிய இவர்கள் பிணிப்பிலிருந்து விடுபட்டு நிலவுடைமையாளராக உயர்ந்தவர்கள். இவர்களைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பாலானவை சொத்துக்காக எழுதப்பட்ட ஏடுகளிலிருந்து வந்தவை. அவ்வேடுகளை எங்ஙனம் படிப்பது, எங்கெங்கு எச்சரிக்கை கொள்வது, அவை எவ்வளவு தூரம் உண்மை பேசுகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆவணங்கள் பிறந்த சூழல்

ஆங்கிலேயர் 1607-இல் ஜேம்ஸ்டவுனில் குடியேறினர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் மக்கள் கணக்கெடுப்போ 1790-இல்தான் நிகழ்ந்தது. இடைப்பட்ட 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசு ஒழுங்காகப் பதிந்து பேணிய இடங்கள் சிலவே. தேவாலயப் பதிவேடுகள் பல அழிந்தன. ஆனால் நிலம் கைமாறினால் பதிவு வேண்டும். நிலவுடையவர் இறந்தால் கடன் தீர்க்க வேண்டும், பங்கு பிரிக்க வேண்டும். ஆகவே மனிதரைப் பற்றிய குறிப்பு மறைந்த இடத்திலும் மண்ணைப் பற்றிய குறிப்பு எஞ்சியது.

விர்ஜீனியாவின் கிழக்குக் கரைப் பகுதி செசபீக் விரிகுடாவிற்கு அப்பால் அமைந்தது. அங்குள்ள அக்கோமாக், நார்தாம்டன் மாவட்டங்களின் நீதிமன்ற ஏடுகள் 1632 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. அமெரிக்க மாவட்ட ஏடுகளுள் இடையறாது தொடர்வனவற்றில் இவையே மிகப் பழையவை. இதற்கு மாறாக, உள்நாட்டுப் போரின் முடிவில் 1865-இல் ரிச்மண்ட் நகர் எரிந்தபோது, பாதுகாப்பிற்கென அங்குக் கொண்டு சேர்க்கப்பட்டிருந்த பல மாவட்டங்களின் ஏடுகள் சாம்பலாயின. ஒரு குடும்பத்தின் நினைவு நிலைப்பதும் மறைவதும் பலவேளைகளில் அக்குடும்பத்தின் பெருமையைப் பொறுத்ததன்று. அவர்கள் வாழ்ந்த ஊரின் ஏடு தப்பியதா என்பதைப் பொறுத்தது.

நில ஆவணங்கள் தரும் செய்திகள்

விர்ஜீனியாவில் 1618 முதல் தலைக்கு நிலம் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. கடல் கடந்து ஒருவரை அழைத்து வரும் செலவை யார் ஏற்றாரோ அவர்க்கு 50 ஏக்கர் நிலம் கோரும் உரிமை உண்டு. அங்ஙனம் வழங்கப்பட்ட நிலக்கொடைப் பத்திரத்தில், யாரைக் காட்டி நிலம் கோரப்பட்டதோ அவர்தம் பெயர்களும் எழுதப்பட்டன. வேறெங்கும் பதியப்படாத ஏழைப் பணியாளரின் பெயர் இப்பட்டியல்களில்தான் முதன்முதலாகத் தென்படுகிறது. 1630-களில் ஜார்ஜ் மெனிஃபீ என்பார் நிலம் கோரிய பட்டியலில் ‘கிழக்கிந்தியன் டோனி’ என்றொரு பெயர் காணப்படுகிறது. இந்தியத் துணைக்கண்டத்தினர் ஒருவர் அத்துணைக் காலத்திற்கு முன்பே விர்ஜீனிய மண்ணில் கால் வைத்தார் என்பதற்கு அவ்வொரு வரி சான்றாகிறது.

ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. தலைக்கு நிலம் கோரும் உரிமை விலைக்கு விற்கப்பட்டது, கைமாறியது. எனவே பட்டியலிலுள்ள அனைவரையும் நிலம் பெற்றவரே அழைத்து வந்தார் என்றோ, பத்திரத்தின் ஆண்டே அவர்கள் வந்த ஆண்டு என்றோ முடிவு கட்டலாகாது.

அடுத்து, எல்லை விவரம். அடையாளமிட்ட மரம், ஓடையின் முகத்துவாரம், பக்கத்து நிலக்காரரின் மூலை ஆகியவற்றைத் தொட்டுத் திசையும் தூரமும் கூறி எல்லை வகுத்தனர். தூரத்தை அளந்த கோல் பதினாறரை அடி நீளமுடையது; 320 கோல் ஒரு மைல்; 160 சதுரக் கோல் ஓர் ஏக்கர். இவ்வளவுகளைத் தாளில் வரைந்து, அடுத்தடுத்த பத்திரங்களைப் பொருத்திப் பார்த்தால் ஓர் ஊரின் வரைபடமே உருவாகிவிடும். யார் யாருக்கு அண்டை வீட்டார், எந்த இளைஞன் எந்த வீட்டுப் பெண்ணை மணந்திருக்கக் கூடும், எக்குடும்பம் எக்குடும்பத்துடன் ஊர் பெயர்ந்தது என்பன அப்போது விளங்கும்.

விற்பனைப் பத்திரமும் அரிய சான்றாகும். கணவன் நிலத்தை விற்றால், கைம்பெண் பங்கில் மனைவிக்குள்ள உரிமையை அவள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆதலால் பத்திரத்திலோ அதனையொட்டிய நீதிமன்றக் குறிப்பிலோ அவள் பெயர் இடம்பெறலாயிற்று. விற்றதற்குப் பத்திரம் இருந்து வாங்கியதற்குப் பத்திரம் இல்லையெனின், அந்நிலம் மரபுரிமையாக வந்திருக்கலாம் எனக் கொண்டு முந்தைய தலைமுறையைத் தேடுதல் ஆய்வாளரின் வழக்கம்.

உயிலும் சொத்துப் பட்டியலும்

ஒருவர் உயில் எழுதி இறந்தால், அதனை நிறைவேற்றுவோர் நீதிமன்றத்தில் அதை மெய்ப்பிப்பர். உயில் இன்றி இறந்தால், நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை அமர்த்தும்; பெரும்பாலும் அவர் கைம்பெண்ணாகவோ, மூத்த மகனாகவோ, பெருங்கடன் கொடுத்தவராகவோ இருப்பார். பின்னர் அண்டையயலார் சிலர் வீட்டிற்குச் சென்று, கட்டில், பானை, கலப்பை, பசு எனப் பொருள்களை எண்ணி மதிப்பிட்டுப் பட்டியல் தருவர். மதிப்பு பவுனிலோ, செசபீக் பகுதியில் பணமாக வழங்கிய புகையிலையின் எடையிலோ குறிக்கப்படும். மனிதரையும் அடிமைகளாகப் பொருள்களோடு பொருளாக எண்ணி விலை எழுதிய பட்டியல்கள் பல. அப்பக்கங்களைப் படிப்பவர் நெஞ்சு கனக்காமல் இராது. எனினும், அடிமைப்பட்ட எத்தனையோ பேரின் பெயர் அவ்விடத்தில் மட்டுமே எஞ்சியுள்ளது.

உயிலைப் படிக்கும்போது, அதில் இல்லாததையும் படிக்க வேண்டும். மூத்த மகனின் பெயர் உயிலில் இல்லையெனில் அவன் இறந்தான் என்றோ வெறுக்கப்பட்டான் என்றோ கருதுதல் பிழை. உயில் இன்றி இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே செல்லும் ஆங்கில மரபு விர்ஜீனியாவில் 1785-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றும்வரை நிலவியது. எனவே தந்தை தம் உயிலில் ஏனைய பிள்ளைகளுக்கு மட்டும் வழிசெய்திருக்கலாம். அல்லது மூத்தவனுக்குரியதை முன்பே கொடுத்திருக்கலாம். நியூ இங்கிலாந்துப் பகுதியிலோ மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு வழங்குவது பொது வழக்கம். ஆகவே எக்குடியேற்றத்தின் ஏடு என்பதறியாமல் பங்கைக் கணக்கிட இயலாது. நிலத்தில் மூன்றிலொரு பங்கைக் கைம்பெண் தன் ஆயுள் வரை துய்க்கலாம். அவள் மறைந்த ஆண்டில் அந்நிலம் மீண்டும் பிரிக்கப்படும்போது, தந்தை இறந்து பல்லாண்டுகள் சென்றபின்னும் பிள்ளைகளின் பெயர்கள் ஒருசேரத் தோன்றும்.

சொல்லும் காலமும் விரிக்கும் வலைகள்

பழைய ஏடுகளில் புதிய பொருளைத் தேடுவோர் வழுக்கி விழுவர். அன்று மாமனாரைக் குறித்த அதே ஆங்கிலச் சொல் மாற்றாந்தந்தையையும் குறித்தது. அத்தை மாமன் மக்களைக் குறிக்கும் சொல், உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கும் வழங்கியது. ‘மூத்தவர்’, ‘இளையவர்’ என்னும் அடைமொழிகள் தந்தை மகனையே குறிக்க வேண்டுவதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறியவும் அவை பயன்பட்டன. தாய் உயிருடனிருப்பினும், தந்தையை இழந்த பிள்ளை ‘அநாதை’ எனவே எழுதப்பட்டது. பெயரின் எழுத்தும் நிலையன்று. ஜான்சன் என்னும் ஒரே பெயர் எழுத்தரின் செவிக்கேற்பப் பலவாறு எழுதப்பட்டது.

நாட்கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. 1752 வரை ஆங்கிலேயர்க்குப் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. எனவே ஏட்டில் ‘1652 பிப்ரவரி’ எனக் காண்பது நம் கணக்கில் 1653 பிப்ரவரியாகும். இதனையறியாதவர் தந்தையின் இறப்பிற்குப் பின் உயில் எழுதப்பட்டதாகவும், திருமணத்திற்கு முன் பிள்ளை பிறந்ததாகவும் எழுதி நகைப்பிற்கு ஆளாவர்.

ஜான்சன் குடும்பத்தின் சுவடு

இக்கருவிகளைக் கொண்டு இனி ஜான்சன் குடும்பத்தைத் தொடர்வோம். 1625-இன் தொடக்கத்தில் விர்ஜீனியாவில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கில், பென்னட்டின் தோட்டத்தில் ‘ஆன்டோனியோ’ என்னும் ஆப்பிரிக்கர் காணப்படுகிறார். அவர் 1621-இல் ‘ஜேம்ஸ்’ என்னும் கப்பலில் வந்தவர். அதே இடத்தில் 1622-இல் ‘மார்கரெட் அண்ட் ஜான்’ கப்பலில் வந்த மேரி என்னும் ஆப்பிரிக்கப் பெண்ணும் குறிக்கப்படுகிறார். குடும்பப் பெயர் இருவர்க்கும் இல்லை.

பின்னர் நார்தாம்டன் மாவட்ட ஏடுகளில் ஆன்டனி ஜான்சனும் அவர் மனைவி மேரியும் தோன்றுகின்றனர். அந்த ஆன்டோனியோவே இந்த ஆன்டனி என்பதை எங்ஙனம் துணிவது? இங்குதான் ஆவணங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கலை பயன் தருகிறது. 1653 பிப்ரவரியில் இக்குடும்பத்தின் தோட்டம் தீயால் பேரிழப்புற்றது. அவர்தம் முறையீட்டைக் கேட்ட மாவட்ட நீதிமன்றம், இவர்கள் முப்பதாண்டுகளுக்கு மேலாக விர்ஜீனியாவில் உழைத்து வாழ்ந்தவர்கள் எனக் குறிப்பிட்டு, மேரிக்கும் இரு புதல்வியர்க்கும் ஆயுள் முழுதும் தலைவரியை நீக்கியது. 1653-இலிருந்து முப்பதாண்டுகளுக்கு மேல் பின்னோக்கினால் 1621, 1622 ஆகிய ஆண்டுகளை அடைகிறோம். இணையரின் பெயர்களும் பொருந்துகின்றன. ஆகவே வரலாற்றாசிரியர்கள் இவர்களை ஒருவராகவே கொள்கின்றனர். எழுதப்பட்ட சான்று எது, அதனின்று பெறப்பட்ட முடிவு எது என்று பிரித்துக் கூறுதலே நேர்மையான ஆய்வு.

அவ்வரிவிலக்கின் பொருளும் சிறியதன்று. 1643-ஆம் ஆண்டுச் சட்டம் உழைக்கும் ஆப்பிரிக்கப் பெண்களைத் தலைவரிக்கு உட்படுத்தியது. ஆங்கிலேயப் பெண்களுக்கு அவ்வரி இல்லை. நீதிமன்றம் வரியை நீக்கியபோது, இம்மூவரும் அவ்வொரு வகையிலேனும் ஆங்கிலேயப் பெண்களுக்கு நிகராயினர்.

1651 ஜூலையில் ஆன்டனி ஐவர் பெயரைக் காட்டி 250 ஏக்கர் நிலக்கொடை பெற்றார். 1652-இல் மகன் ஜான் பதினொருவர் பெயரால் 550 ஏக்கர் பெற்றார். 1654-இல் மற்றொரு மகன் ரிச்சர்ட் 100 ஏக்கர் பெற்றார். தலைக்கு 50 என்னும் கணக்கு இவற்றில் பிசகாமல் பொருந்துகிறது. தந்தை மக்கள் நிலங்கள் அடுத்தடுத்து அமைந்தன என்பதைப் பத்திரங்களின் எல்லை விவரமே கூறுகிறது. ஆன்டனி காட்டிய ஐவருள் ‘ரிச்சர்ட் ஜான்சன்’ என்பதும் ஒரு பெயர். உடனே அவரை மகன் ரிச்சர்ட் எனத் துணியலாமா? துணியலாகாது. முன்னர்ச் சொன்னவாறு அப்பட்டியல் உறவைக் கூற எழுந்ததன்று. ரிச்சர்டின் உறவை நிலைநாட்டப் பிற ஆவணங்களையே நாட வேண்டும்.

மறைக்கலாகாத பக்கம்

முன்னோரைத் தேடுவோர் பெருமையை மட்டுமே தேடினால் ஏடு அவர்க்கு உடன்படுவதில்லை. ஜான் காசர் என்னும் ஆப்பிரிக்கர் ஆன்டனியின் பண்ணையில் உழைத்தார். தாம் ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தப் பணியாளராகவே வந்ததாகவும், காலம் கடந்தும் தம்மை விடாது பிடித்து வைத்திருப்பதாகவும் காசர் 1654-இல் முறையிட்டார். காசர் தமக்கு வாழ்நாள் உரிமை என்றார் ஆன்டனி. அண்டை நிலக்காரராகிய ராபர்ட் பார்க்கர், ஜார்ஜ் பார்க்கர் ஆகியோர் காசரின் பக்கம் பேசினர். மனைவி மக்களின் அறிவுரையால் ஆன்டனி முதலில் காசரை விடுவித்தார். பின்னர் மனம் மாறி ராபர்ட் பார்க்கர்மீது வழக்குத் தொடுத்தார். 1655 மார்ச்சில் நீதிமன்றம் காசரை ஆன்டனியிடமே திருப்பி ஒப்படைத்தது.

தாம் பிணிப்பிலிருந்து மீண்ட ஒருவர் மற்றொருவரைப் பிணித்து வைத்தார் என்பது கசப்பான உண்மை. அதனை மூடி மறைத்து ஆன்டனியைப் போற்றுவதும், அவ்வொன்றையே காட்டி அக்குடும்பம் பட்ட துன்பங்களை எளிதாக்குவதும் முறையல்ல. இரண்டு தாள்களும் ஒரே கட்டில் இருக்கின்றன; இரண்டையும் படிக்க வேண்டும்.

1670-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1660-களில் விர்ஜீனியாவின் சட்டம் இறுகத் தொடங்கியது. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என 1662-இலும், திருமுழுக்குப் பெறுவதால் அடிமைநிலை நீங்காது என 1667-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இக்காலத்தில் ஜான்சன் குடும்பம் மேரிலாந்தின் சோமர்செட் பகுதிக்குப் பெயர்ந்தது. 1665-இல் ஆன்டனி தம் 250 ஏக்கரில் 200 ஏக்கரை விற்றார். எஞ்சிய 50 ஏக்கர் மகன் ரிச்சர்டிற்கு விடப்பட்டது. 1666-இல் மேரிலாந்தில் 300 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குக் கொண்டார். ‘டோனியின் திராட்சைத் தோட்டம்’ என்பது அந்நிலத்தின் பெயர்.

1670-இல் ஆன்டனி மறைந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் விர்ஜீனியாவில் அவருடைய நிலம் பற்றி விசாரணை நடந்தது. உரிமை கொள்ளத் தகுதியுடையார் இல்லாத நிலம் அரசுடைமையாகும் என்பது சட்டம். அங்குக் கூடிய நடுவர் குழு, ஆன்டனி கறுப்பினத்தவராதலால் அயலார் எனத் தீர்மானித்தது. ரிச்சர்ட் வாழ்ந்த 50 ஏக்கர் கைவிட்டுப் போயிற்று. அதனைப் பெற்றவர், காசர் வழக்கில் கண்ட அதே ஜார்ஜ் பார்க்கர்.

இருபதாண்டுகளுக்குள் நிகழ்ந்த மாற்றத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1651-இல் அரசே நிலக்கொடை வழங்கியது. 1653-இல் நீதிமன்றமே வரி நீக்கியது. 1655-இல் அவர் தொடுத்த வழக்கில் அவர்க்கே வெற்றி தந்தது. நிலம் பெறவும், வரி செலுத்தவும், வழக்காடவும், விற்கவும் தகுதியுடையவராக இருந்தவர், இறந்தபின் அயலார் ஆனார். அவர் மாறவில்லை, அவரைப் பெயரிட்டழைக்கும் சொல் மாறியது. தாளில் எழுதப்பட்ட ஒரு சொல் ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலை அடைக்கவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மேரியும் பேரப்பிள்ளைகளும்

குடும்பம் அத்துடன் அழிந்துவிடவில்லை. 1670-இல் கைம்பெண்ணாகிய மேரி, மேரிலாந்து நிலத்தின் குத்தகையை 99 ஆண்டுகளுக்குத் தம் பெயரில் உறுதி செய்துகொண்டார். 1672-இல் தம் பேரப்பிள்ளைகள் மூவர்க்குக் கால்நடைகளைக் கொடையாக எழுதி வைத்தார். பேரனுக்குப் பசு ஒன்றை எழுதி வைத்தல் அப்பகுதியின் வழக்கம். பசு ஈனும் கன்றுகளும் பிள்ளைக்கே உரியனவாகும். சிறு பிள்ளை வளரும்போது அவன் சொத்தும் உடன் வளரும். குடும்ப வரலாறு தேடுவோர்க்கோ, பாட்டி யார், பேரர் யார் என்னும் தலைமுறைத் தொடர்பு அவ்வொரு கொடையாவணத்தால் உறுதிப்படுகிறது.

1677-இல் பேரன் ஜான் ஜான்சன் 44 ஏக்கர் நிலத்தை வாங்கினார். மேரிலாந்தில் ஒவ்வொரு நிலத்திற்கும் ஒரு பெயர் சூட்டுதல் மரபு. ஆங்கிலேயர் தாம் பிறந்த ஊர்களின் பெயரைச் சூட்டினர். இந்தப் பேரன் தம் நிலத்திற்குச் சூட்டிய பெயர் ‘அங்கோலா’. இக்குடும்பத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்காவின் மேற்குக் கடற்கரையிலுள்ள அங்கோலாவாக இருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுவதற்கு இப்பெயரே முதன்மையான காரணம். தாம் கண்டறியாத ஒரு நாட்டின் பெயரைத் தாத்தாவின் வாய்மொழியாகக் கேட்டு, தாம் வாங்கிய மண்ணின்மீது எழுதி வைத்தார் போலும். குடும்பத்தார் எவரும் தம் பிறப்பிடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதிச் செல்லவில்லை. நிலப்பெயர் அதனைச் சொல்கிறது.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குடும்பத்தின் சுவடு ஏடுகளில் மங்குகிறது. டி.எச். பிரீன், ஸ்டீபன் இன்னிஸ் ஆகிய இருவரும் கிழக்குக் கரை ஏடுகளை ஆய்ந்து 1980-இல் வெளியிட்ட நூலால் இவ்வரலாறு பரவலாக அறியப்பட்டது. பின்னர் பால் ஹைனெக் இதே வகை ஏடுகளைத் துருவி, குடியேற்றக் காலத்தில் உரிமையோடு வாழ்ந்த நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க வழிக் குடும்பங்களைத் தொகுத்தளித்தார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. நில ஆவணமும் உயிலும் மனிதரை நினைவுகூர எழுதப்பட்டவையல்ல. உடைமையைக் காக்க எழுதப்பட்டவை. ஆயினும் எல்லைக்காரரின் பெயர், சாட்சியின் கீறல், பேரனுக்கு எழுதிய பசு ஆகியவற்றைச் சேர்த்துப் படிப்பவர்க்கு ஒரு குடும்பம் உயிர்பெற்று எழுகிறது. ஓர் ஆவணம் தனித்து நின்று பேசுவது குறைவு. அடுத்த ஆவணத்தோடு சேர்ந்தே அது முழுமையாகப் பேசுகிறது.

மற்றொன்று, ஏடு நீதியின் கருவியாகவும் அநீதியின் கருவியாகவும் அமையும். ஆன்டனியின் நிலத்தைப் பறித்தது ஓர் ஏடு. அப்பறிப்பு நிகழ்ந்தது என்பதை 350 ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அறியச் செய்வதும் அதே ஏடுதான். அவரை அயலார் என எழுதியவர்கள், அவர் அம்மண்ணில் உழைத்து வாழ்ந்தவர் என்பதற்குரிய சான்றுகளை அழிக்கவில்லை. அவை அதே நீதிமன்றத்துத் தாள்களில் காத்திருந்தன. அவற்றைப் பொறுமையோடு திறந்து, நேர்மையோடு பொருத்தி, உள்ளது உள்ளவாறு உரைப்பது ஆய்வாளரின் கடமை. அக்கடமையை மேற்கொள்ளும் மாணவர் முதலில் கற்க வேண்டுவது, பழந்தாளின் ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மனித வாழ்வு நிற்கிறது என்பதையே.